கொண்டைக்கடலைக்கு டாக்டர்

செந்தமிழ்செல்வன் கொண்டைக்கடலை குத்திக்கொண்டிருந்தார். ஊறிய கடலைகளைப் பல் குத்தும் குச்சிகளில் செருகி, நடுவில் ஒன்று, சுற்றிலும் பன்னிரண்டு என்று உருண்டையாகக் கோப்பார். ஒன்று உடைந்தால் வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததை எடுப்பார். முதலில் பண்ருட்டிச் சித்தி அனுப்பிய முந்திரியில் முயன்றாராம். உருண்டையாக இல்லாததால் முந்திரி தப்பித்தது.

வயது முப்பத்தைந்து. சிதம்பரத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்து இது ஏழாவது வருடம். அம்மா விருத்தாம்பாள் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, மஞ்சக்குப்பத்து வீட்டுக்கே ஒரு கணினியைக் கொண்டுவந்து ஆராய்ச்சியைத் தொடர்கிறார். அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். முப்பது வருடம் வார்டுகளில் நோயாளிகளைப் புரட்டிப் போட்டவள். ஆராய்ச்சி கேட்பதும் வேலையில் சேரும் என்று வரும்போது யாரும் சொல்லவில்லை.

"பன்னெண்டு அலுமினிய அணு ஒரு கொத்தா சேந்து, தனியா வெத்து வெளியில பறக்குதுன்னு வெச்சிக்கிங்க சிஸ்டர். ஒரு எலக்ட்ரான் ஜாஸ்தி குடுங்க. ஆக்சிஜனப் பாத்தா பாஞ்சி புடிச்சிக்கும். பதினாலும் அப்டித்தான். ஆனா பதிமூணு இருக்கு பாருங்க, திரும்பிக்கூட பாக்காது. அந்த எலக்ட்ரான புடுங்கிட்டா அதுவும் பாயும்."

"அதனால என்ன தம்பி?"

"அதான் சிஸ்டர் ஆராய்ச்சியே."

இவ்வளவும் வெளிநாட்டில் எப்போதோ கண்டுபிடித்ததுதானாம். ஒரு கடலை ஒரு அலுமினிய அணு; நடுக்கடலையை மட்டும் எடுத்துவிட்டுச் செம்பு வைத்தால் குணம் மாறுமா என்பதே இவர் கேள்வி. ஏழு வருடமாகச் செம்பு பதில் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்கள், "புள்ள என்னா பண்றாரு?" என்று கேட்டால் விருத்தாம்பாள் சளைக்காமல் சொல்வார்: "கொண்டக்கடலைக்கு டாக்டருக்குப் படிக்கிது."

இரவு பகலாக அணுக் கணக்கு ஓடும் கணினிப் பெட்டியின் மேல் மகன் மணிக்கொரு தரம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "சூடு ஜாஸ்தியா இருக்கு" என்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்புவார். அம்மாவின் நெற்றியில் அந்தக் கை பட்டு நான் பார்த்ததில்லை. நெற்றியில் கணக்கு ஓடவில்லையே.

2012இல் எங்கள் பக்கம் மின்சாரம் விருந்தாளி போல வந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு இன்வெர்ட்டர், அதற்கு ஒரு கிழட்டு பேட்டரி. அது கணினியைத் தாங்கும், அல்லது அம்மாவின் காற்று மெத்தை மோட்டாரைத் தாங்கும். இரண்டையும் தாங்காது. படுத்தே கிடப்பவரின் தோல் ஒரே இடத்தில் நசுங்காமல் காற்றை மாற்றி மாற்றி ஏற்றுகிற மெத்தை அது. ஆராய்ச்சியாளர் யோசித்து முடிவெடுத்தார்.

"அம்மாவ கையால பொரட்டி விட்டுர்லாம் சிஸ்டர். இந்தக் கணக்கு பத்து நாள் ஓடணும். நடுவுல நின்னா மொதல்லேர்ந்துதான். முடிஞ்ச மறுநாளு, திங்கக்கிழம, கைடுகிட்ட குடுக்கணும், இனிமே நீட்டிப்பு கெடையாது."

பகலில் இரண்டு மணிக்கொரு தரம் நான் புரட்டினேன். ஆறு மணிக்கு நான் கிளம்பியதும் அவர் முறை. காலையில் கேட்டால், "அம்மா ஒண்ணும் சொல்லல சிஸ்டர். ஸ்டேபிளா இருக்காங்க" என்பார். அம்மாவுக்கு இடது பக்கம் உணர்ச்சியே கிடையாது. என்ன சொல்வார்?

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை மதியம். உடம்பு துடைக்கும்போது இடது இடுப்பெலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. அவரைக் கூப்பிட்டேன்.

"இங்க கைய வெய்யுங்க தம்பி."

"நானா?"

"கடல குத்துற கைதானே, வெய்யுங்க."

முதலில் வலது இடுப்பை அழுத்தச் சொன்னேன். விரலை எடுத்ததும் வெளுத்து, பிறகு நிறம் திரும்பியது. அடுத்து இடது பக்கத்துச் சிவப்பை அழுத்தினார். எடுத்தார். அப்படியே இருந்தது. மறுபடியும் அழுத்தினார்.

"ஒண்ணுமே ஆவலியே சிஸ்டர்."

"ஆவாது. வெளுத்துத் திரும்புனாதான் ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். இதத்தான் ஸ்டேபிள்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. இப்டியே உட்டா ரெண்டு நாள்ல தோலு பிஞ்சி குழி விழும்."

"எனக்கு வலியே இல்லடா," என்றார் விருத்தாம்பாள். "நாளைக்கி முடிஞ்சிரும்னியே, நீ பொட்டிய ஓட்டு."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. மெத்தை மோட்டார் அடங்கியது. இன்வெர்ட்டர் தயவில் கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மகன் குனிந்து கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். ஒன்பது நாள் கணக்கு இருட்டாகிப் போனது. அதே ஓட்டையில் மெத்தையின் பிளக்கைச் செருகினார். மோட்டார் முனகிக்கொண்டு கிளம்பியது. திங்கட்கிழமை கைடிடம் கொடுக்க இனி ஒன்றுமில்லை. அவர் கையைப் பிடித்து, அம்மாவின் தோளிலும் இடுப்பிலும் எங்கே வைத்துப் புரட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். நுணுக்கமெல்லாம் இல்லை, அரை நிமிடப் பாடம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். மின்சாரம் இருந்தது. கணினி அணைந்தே கிடந்தது. அம்மாவை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்திருந்தார். இடது இடுப்பில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னடா, நானும் கொண்டக்கடலையா?"

"சும்மா இரும்மா, எண்ணிக்கிட்டிருக்கேன்."

ஆராய்ச்சி நோட்டில், பதின்மூன்று அணுக்களின் வரிசைக்குக் கீழே எழுதினார்: 'அம்மா, இடது. 7.10. லேசாக வெளுத்தது.' எழுதியதை நம்பாமல், மறுபடியும் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.