துப்பாக்கி மனுவும் இல்லாத இடது கையும்

மனு எழுதும் தொழிலில் சொந்தமாக ஒரு வரி எழுத வழியில்லை. ஆனால் ஊரிலுள்ள கண்ணீரெல்லாம் நம் கையெழுத்தில்தான் மேலே போகும். அடுத்தவர் துக்கத்தை அடுத்தவர் பாஷையில் எழுதிப் பிழைக்கும் என் இனத்தாரே, உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்ல?

நான் ஐந்தாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாரும் விரட்டவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது. அப்படி ஓடிவந்தவன்தான் பதினெட்டு வயதில் ஒரு சர்க்கார் கச்சேரி வாசலில், வாகைமரத்தடியில், மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கச்சேரி என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் நான் அங்கேதான் உட்கார வேண்டும். ஒரு பேனாவும், வேதபாடப் பரிசாகக் கிடைத்த, முதுகு பிய்ந்த இங்கிலீஷ் அகராதியும்தான் என் ஆஸ்தி.

மழையோடு வந்தவர்

ஆனி மாதத்துச் சாரலில் ஒருவர் நனைந்துகொண்டே வந்தார். அருமனைக்குக் கிழக்கே மலையடிவாரம், பேர் பொன்னையன். இடது கை தோளுக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிட்டது. ரப்பர் பாலைத் தகடாக அழுத்தும் உருளையில் போனதாம். மிச்சமிருந்த கையைக் கொண்டு சரிவில் மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்தார். போன வருஷம் காட்டுப்பன்றி மூடோடு தோண்டித் தின்றுவிட்டது. வீட்டில் ஐந்து பிள்ளைகள் பலாக்கொட்டையை அவித்துத் தின்று மாதங்களைத் தள்ளின. இந்த வருஷமும் கிழங்கு போனால் வீட்டைப் பூட்டிவிட்டு எங்காவது போகவேண்டியதுதான். அதனால் ஒரு நாட்டுத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். இங்கிலீஷில் எழுதினால் பெரிய அதிகாரி நேரே படிப்பார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எழுதி வாசித்துக் காட்டினேன். 'ஆர்ம்ஸ்' என்ற சொல் நாலு தடவை வந்தது. அது என்ன என்று கேட்டார். ஆயுதம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்த வராது. கைக்கும் இங்கிலீஷில் ஆர்ம் என்றுதான் பேர் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் கோபிக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “ஒண்ணு போச்சு, மற்றது இன்னும் வரல்ல. ரெண்டுக்கும் ஒரே பேர வச்சவன் எப்படிப்பட்ட ஆளா இருப்பான், மக்கா?”

கடலின் கை

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் மத்தியானம், கச்சேரிக்குள் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், அகராதியை விரித்தேன். பொடி எழுத்தில் போட்டிருந்தது. கையைக் குறிக்கும் சொல் இங்கிலீஷ்காரனின் முன்னோர் வடக்கே பேசிய பழைய பாஷையிலிருந்து வந்தது. ஆயுதத்தைக் குறிப்பது லத்தீனில் பிறந்து பிரெஞ்சுக்காரன் வழியாக வந்தது. ஆதியில் அதற்குத் தளவாடம், கருவி என்று பொருள். இரண்டும் வெவ்வேறு பாதையில் வந்த வெவ்வேறு சொற்கள். ஆனால் இன்னும் மேலே ஏறிப் போனால் இரண்டுக்கும் ஒரே வேர்தானாம். அந்த வேருக்குப் பொருள், பொருத்துவது, இணைப்பது. தோளில் பொருந்தியது கை. கையில் பொருந்தியது ஆயுதம்.

எனக்குக் கோதையாறும் பறளியாறும் ஞாபகம் வந்தன. ஒரே மலைக்கூட்டத்தில் பிறந்து, தனித்தனியாக இறங்கி, ஒன்றையொன்று தெரியாததுபோல் இவ்வளவு தூரம் வந்து, மூவாற்றுமுகத்தில் சேர்ந்துகொள்கின்றன. பிறகு ஒரே பேரில் தேங்காய்ப்பட்டணத்துக் கடலுக்குப் போகின்றன. நிலத்துக்குள் கடல் நுழைந்து நீண்டு கிடந்தால் அதையும் கடலின் ஆர்ம் என்பார்களாம். கண்ணை மூடினேன். பச்சை நிறத்தில் ஒரு பெரிய கை, உப்பங்கழி வழியாக உள்ளே வந்து, தென்னைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு, யாரையோ தேடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டிக்காரர் நாணு அண்ணாச்சி தமிழ், மலையாள மனுக்கள் எழுதுகிறவர். என் கனவை அவரிடம் சொன்னது என் தப்பு. “ஏலே, ஒரு ஆளு எவ்வளவு நேரமாட்டு உனக்க முன்னாடி நிக்கியான். கடலுக்க கைய விட்டுட்டுப் பேனாவப் பிடி.”

வலது விரல்

இரண்டு வாரத்தில் பொன்னையனின் மனு திரும்பி வந்தது. எழுத்தறியாத ஆண்பிள்ளை இடது பெருவிரலையும், பெண்பிள்ளை வலது பெருவிரலையும் பதிக்க வேண்டும். இது எல்லாக் கச்சேரிக்கும் உள்ள வழக்கம். பொன்னையன் வலது பெருவிரலை வைத்திருந்தார். வேறு எதை வைப்பார்? ஒரு கை இல்லை என்று மனுவில் ஒரு வரி இருந்திருந்தால் வம்பே இல்லை. அந்த வரியை எழுதாமல் விட்டவன் நான்தான். ஒற்றைக்கையனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, சாமர்த்தியமாக விட்டிருந்தேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் குமாஸ்தா முன்னால் நிறுத்தி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். குமாஸ்தா நல்ல மனுஷன். சட்டையின் தொங்கும் கையை மரியாதையாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். “ஆளு நிக்கியது எனக்குத் தெரியுது, தம்பி. ஃபைலுக்கு இவன் பெண்ணாளு.”

குடைத் துப்பாக்கி

வெளியே வந்து பொன்னையனிடம் என் சாமர்த்தியத்தை ஒப்புக்கொண்டேன். உண்மையை எழுதினால் துப்பாக்கி கிடைக்காமல் போகலாம், எழுதாவிட்டால் மனுவே நகராது, எது வேண்டும் என்று கேட்டேன். பன்றி இப்போதே வரப்பில் மூக்கை வைத்துவிட்டது என்றார். இல்லாத கையை எத்தனை நாள் ஒளித்துவைக்க முடியும் என்றும் கேட்டார். எழுதினேன். பெரிய அதிகாரி எங்கள் ஊரில் முகாம் போட்ட அன்று எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

எப்படிச் சுடுவாய் என்று அதிகாரி கேட்டார். பொன்னையன் சுற்றிலும் பார்த்தார். சேவகனின் குடையை வாங்கினார். என்னைக் குனியச் சொல்லி, குடையின் முனையை என் தோளில் சாத்தி, பிடியைத் தன் வலது தோளில் இறுக்கினார். என் காதுக்குப் பக்கத்தில் அவர் மூச்சு நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மைனா நடந்துபோனது. குடை துளியும் நடுங்காமல் அதன்கூடப் போனது. இவருடைய கை நான்தான் என்று எனக்குத் தோன்றியது. கூச்சமாக இல்லை, தூக்கம் வருவதுபோல் சுகமாக இருந்தது. தினமும் காட்டுக்கு இந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போவாயா என்று அதிகாரி கேட்டபோதுதான் நிமிர்ந்தேன். பொன்னையன் குடையைப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். “அங்க கவட்டக்கம்பு நாட்டியிருக்கேன், ஏமானே. அதுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவ்வளவுதான்.”

அதிகாரி சிரிக்கவில்லை. மனுவின் ஓரத்தில் வெறுமையாகக் கிடந்த இடத்தில், இவருக்கு இடது கை இல்லை, வலது விரலை ஏற்றுக்கொள்க என்று தன் கையால் எழுதினார்.

விடியலில் ஒரு வெடி

லைசென்ஸ் வருவதற்குள் பன்றி கால்வாசிக் கிழங்கைத் தின்றிருந்தது. மிச்சம் முக்கால்வாசி. ஐப்பசியில் ஒரு நாள் பொன்னையன் ஒரு கூடை நிறைய மரச்சீனி கொண்டுவந்து என் பெட்டிமேல் வைத்தார். ஊரைவிட்டுப் போகவில்லை, பிள்ளைகள் வயிறாரத் தின்கின்றன என்றார். எத்தனை பன்றி சுட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம். விடியற்காலம், பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு வெடி போட்டாராம். மருந்துப்புகை கலைய நேரமாயிற்றாம். அதன்பிறகு அந்தச் சரிவுக்குப் பன்றி வரவில்லை.

போக எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்றார். நான் சிரிக்க மாட்டேன் என்றேன். “குழலு கவட்டக்கம்புலதான் இருந்தது, மக்கா. ஆனா அந்தப் புகை கலையது வரைக்கும், எனக்க எடது கைதான் அதத் தாங்கிப் பிடிச்சிட்டிருந்தது. அஞ்சு விரலும் எனக்குத் தெரிஞ்சுது.”

அகராதி சொன்ன அந்த வேரை நான் அன்றுதான் நம்பினேன். ஆனாலும் கச்சேரி அகராதி படிப்பதில்லை என்பதால், எந்த மனுவாக இருந்தாலும் இப்போதெல்லாம் ஓரத்தில் அதிகாரியின் கைக்கென்று நாலு விரற்கடை வெறும் இடம் விட்டுத்தான் எழுதுகிறேன்.