கல்லுக்காகச் சோதித்த தண்ணீர்

வேற்றுக் கிரகத்தில் உயிர் தேடுவது என்றால் எல்லோருக்கும் ராக்கெட்டும் தொலைநோக்கியும் நினைவுக்கு வரும். எனக்குக் கை கழுவுவதுதான் நினைவுக்கு வரும். கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளர். வானத்திலிருந்து விழுந்த கற்களில் உயிரின் அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அதில் பாதி நேரம் கழுவுவதிலேயே போய்விடும். கையைக் கழுவ வேண்டும், கையுறை போட வேண்டும், கையுறைக்கு மேல் மதுசாரம் தெளிக்க வேண்டும், மேசையைத் துடைக்க வேண்டும், துடைத்த மேசையில் ஏதாவது முளைக்கிறதா என்று வேறு பார்க்க வேண்டும். அங்கே உயிர் தேடுகிறவர்களுக்கு முதல் எதிரி இங்கே இருக்கிற உயிர். ஒரு தும்மல் போதும், செவ்வாய்க்குச் சளி பிடித்துவிட்டது என்று உலகத்துக்கு அறிவித்துவிடலாம்.

எங்கள் பேராசிரியர் இதில் மகா கறார். கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் அவர்மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். படித்துக் கீழே இறங்கி வந்துவிட்டேன். அக்கா அங்கேயே கலியாணம் கட்டி அங்கேயே கொழுந்து எடுக்கிறாள். அவளுக்கு ஒரே மகள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நின்றால் காய்ச்சல், காய்ச்சல் விட்டால் வயிற்றுப்போக்கு. லயத்துக் குழந்தைகள் பலருக்கும் இதே கதைதான். காரணம் தண்ணீர். மலையில் ஊறி வருகிற தண்ணீர் பீலியில், ஒரு தகர ஓடையில், விழுகிறது, அதைத்தான் குடத்தில் பிடித்துக் குடிக்கிறார்கள். அந்தப் பீலிக்கு மேலேயே புது லயத்தின் கக்கூஸ் குழிகளை வெட்டியிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள யாரும் பட்டம் வாங்க வேண்டியதில்லை.

தோட்ட நிர்வாகத்துக்கு மட்டும் புரியவில்லை. மேட்டில் இருக்கிற நல்ல ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தாருங்கள் என்று அக்காவும் மற்றப் பெண்களும் கேட்கும்போதெல்லாம், தண்ணீர் கெட்டது என்று ரிப்போர்ட் கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்பார்கள். சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப்போக வர வேண்டிய சுகாதார அதிகாரிக்கு மழை பெய்தால் பாதை வழுக்கும், வெயில் அடித்தால் கூட்டம் இருக்கும். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நானும் என் பங்குக்கு உபதேசம் செய்தேன். "வெறகுக்கு யாரு போறது? நீ வந்து பொறுக்கித் தாறியா?" என்றாள் அக்கா. 

ஆய்வுகூடத்தில் கிருமிகளை இனம் காட்டும் எங்கள் இயந்திரத்தில் அந்தத் தண்ணீரைச் சோதிக்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். பாவம்தான் என்றார். ஆனால் மலக்கிருமி உள்ள தண்ணீரை இயந்திரம் இருக்கும் அறைக்குள் கொண்டுவந்தால் அறையே பாழாகிவிடும், இத்தனை நாள் கழுவியதெல்லாம் வீண் என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் வானத்திலிருந்து அந்தக் கல் விழுந்தது. வேறெங்கும் இல்லை, அதே மலையில், தேயிலைக்கு நடுவில். பெரிய சத்தமாம், மலையே நடுங்கியதாம். அக்கா உடனே எனக்குப் போன் போட்டாள். நான் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் துள்ளிக் குதித்தார், ஆனால் வாகனத்துக்கு அனுமதி கிடைக்க வார விடுமுறை முடிய வேண்டியிருந்தது.

வானத்திலிருந்து வந்ததைத் தோட்டத்து ஜனங்கள் தரையில் கிடக்க விடுவார்களா? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல் முனியாண்டி கோயிலில், திருநீற்றுப் பட்டையோடு, செவ்வந்தி மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் கையுறையை மாட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். என்னென்ன செய்தார்கள் என்று கேட்கச் சொன்னார். எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

"ஒரு கொறையும் வைக்கலங்க" என்றார் பூசாரி பெருமையாக. "பாலு ஊத்துனோம், மஞ்சத்தண்ணி ஊத்துனோம், அப்புறம் பீலித்தண்ணி கொடங்கொடமா ஊத்திச் சுத்தம் பண்ணோம்."

நான் மொழிபெயர்த்தேன். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அது துளையும் வெடிப்பும் நிறைந்த கல், ஊற்றியதையெல்லாம் உள்ளே இழுத்திருக்கும். ஆனாலும் அவர் முகம் சுளிக்கவில்லை. சாமியாக வைத்திருந்த கல்லை மனமுவந்து கொடுத்ததற்கு நன்றி சொல்லி, அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குக் கட்டாயம் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆய்வுகூடத்தில் கல்லை வெட்டினோம். உள்ளே உயிர் மண்டிக் கிடந்தது. வேறொருவராக இருந்தால் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார். இவர் கூப்பிடவில்லை. கல்லுக்குச் சொந்தமானது எது என்று தெரிய வேண்டுமானால், நம்முடையது எது என்று தெரிந்து அதைக் கழிக்க வேண்டும் என்றார். எங்கள் தொழிலில் அதுதான் முறை. கல்லைத் தொட்டது, நனைத்தது எல்லாவற்றிலும் மாதிரி எடுக்க வேண்டும். பால், மஞ்சள், திருநீறு, கோயில் மண். பிறகு பீலித்தண்ணீர்.

கொண்டுவந்தால் அறையே பாழாகிவிடும் என்று சொன்ன அதே தண்ணீருக்கு இப்போது தனி அறை ஒழுங்காயிற்று. கிருமி நீக்கிய போத்தல்கள், ஐஸ் பெட்டி, ஜீப், எல்லாம் வந்தன. நான் பீலிக்கரையில் மண்டியிட்டுத் தண்ணீர் பிடித்தேன். அக்கா குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் ஒங்க சேருக்கு மனசு வந்துச்சா?"

"இது கல்லுக்காகக்கா. பிள்ளைங்களுக்காக இல்ல."

"எதுக்காகவோ பாக்கட்டும். ரிப்போர்ட்டு வந்தாச் சரி" என்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

முடிவு வந்தது. பீலித்தண்ணீர் முழுக்க மனிதக் குடலில் வாழும் கிருமிகள். கல்லுக்குள் இருந்தவையும் அவையே. எல்லாவற்றையும் கழித்தபிறகு கல்லுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. அவசரப்பட்டு எதையும் அறிவிக்காமல் விட்டோமே என்று பேராசிரியர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அந்தத் தண்ணீர், உள்ளூர் மாசு என்ற பெயரில் அட்டவணையில் ஒரு வரியாயிற்று. என் அக்கா மகளின் வயிற்றுவலி முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

அந்த வாரம் பிள்ளை கண்டி ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறக் கிடந்தாள். தண்ணீர் முடிவை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் சேர் என்று கெஞ்சினேன். கட்டுரை வெளிவரும்வரை எதுவும் வெளியே போகக்கூடாது என்றார். குடிதண்ணீருக்குச் சான்று கொடுக்கும் அதிகாரம் நமக்கில்லை, நாளைக்கு வழக்கென்று வந்தால் யார் நிற்பது என்றார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். மாலையில் அவளுக்கென்று ஒரு பை நிறையப் பழம் வாங்கி வந்து கொடுத்தார். ரிப்போர்ட் கொடுக்கவில்லை. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறும்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பிள்ளை பிழைத்து வீட்டுக்குப் போனாள், அதே பீலிக்கு. பிறகு கட்டுரையும் வெளிவந்தது. அதை அச்செடுத்து, அந்த வரிக்குக் கோடு போட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஒஃபீசுக்குப் போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்லைப் பத்தின கட்டுரைதானே? தண்ணி ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார்கள்.

பேராசிரியர் வாக்குத் தவறவில்லை. கண்டியில் ஒரு மண்டபம் எடுத்து, மலைக்கு பஸ் அனுப்பி, தோட்டத்து ஜனங்களைக் கூட்டிவந்து முன்வரிசைக் கதிரைகளில் உட்காரவைத்தார். அவர் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன். வியாழனின் நிலவு ஒன்றில் பனிக்கட்டிக்குக் கீழே கடல் இருப்பதைச் சொன்னேன். தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் முதலில் உயிரைத் தேடுவார்கள் என்று சொன்னேன். உங்கள் கல்லில் இருந்ததெல்லாம் உங்கள் பீலித்தண்ணீரில் இருந்த கிருமிகள்தான், அவற்றைக் கழித்துவிட்டோம் என்றும் சொன்னேன்.

கேள்வி நேரத்தில் அக்கா எழுந்தாள். மடியில் இருந்த மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அந்தத் தண்ணியத்தாங்க நாங்க இன்னிக்கும் குடிக்கிறோம். கல்லுல இருந்து அத எடுத்துட்டீங்க. எங்க புள்ளைங்க வயித்துல இருந்து யாருங்க எடுக்கிறது?"

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.  மிக முக்கியமான கேள்வி, ஆனால் அது எங்கள் துறையில் வராது, உரிய இடத்தில் கேட்கச் சொல்லுங்கள் என்றார் பேராசிரியர். அதையும் நானேதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா உட்காரவில்லை. கூட்டம் முடிந்து மற்றவர்கள் கைதட்டும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

வெளியே தேத்தண்ணீர் கொடுத்தார்கள். மண்டபத்து வாசலில் வடிகட்டிய தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. அக்கா பிள்ளைக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலைச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு, அந்தக் குழாயில் நிரப்பினாள். அதைப் பார்த்த மற்றப் பெண்களும் பைகளிலிருந்து போத்தல்களை எடுத்தார்கள். வரிசை வாசல்படிவரைக்கும் நீண்டது. பேராசிரியர் கையில் கோப்பையோடு வந்து, வரிசையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"பாவம், நல்ல தாகம் போல" என்றார் என்னிடம்.

நான் வரிசையின் முன்னால் போனேன். குழாயைப் பிடித்துக்கொண்டு, அடுத்த போத்தலுக்குக் கை நீட்டினேன்.