தட்டித் திறக்கும் கிடங்கு

சாலை விரிவுக்காக உடைக்கப்பட்ட எங்கள் சிறு கோயிலின் முனீஸ்வரனை மீட்க, நகராண்மைக் கழகக் கிடங்குக்குப் போனேன். படிவத்தில் ‘கல் ஒன்று’ என்றிருந்தது, கையெழுத்துப் போட்டேன். சீருடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த காவலாளி, பூட்டைத் திறக்குமுன் கதவை மூன்று முறை தட்டினார்.

“உள்ளே யாரு பாய்?”

“கவர்மென்டுக்கு எல்லாம் கல்லுதான் லா. ஆனா சாயங்காலம், உடைச்ச கோயில் சிலைங்கள எல்லாம் சுவத்தப் பார்த்து வெச்சிட்டுப் போறேன். காலையில தட்டாம தொறந்தா, எல்லாம் வாசலப் பார்த்து நிக்குது.”

முனீஸ்வரனை வெளியே எடுத்ததும் கதவைப் பூட்டிவிட்டு, சிலையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு கார்வரை வந்தார். பின்னால், பூட்டிய கதவு மூன்று முறை தட்டப்பட்டது. நான் நின்றுவிட்டேன்.

“நடங்க அண்ணே,” என்றார், திரும்பிப் பார்க்காமலே. “மத்தவங்களக் கேட்டு இன்னும் யாரும் வரல.”