அக்காவுக்காக நான் எழுதிய மன்னிப்புக் கடிதம்

எங்கள் மில்லில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில், குமாஸ்தாவான என் மேஜையின் இடப்பக்க இழுப்பறையில், மன்னிப்புக் கடிதங்களுக்கென்றே ஒரு தடித்த ஃபைல் இருந்தது. பத்து நிமிடம் தாமதமாக வந்தவர், சொல்லாமல் லீவு போட்டவர், ஷிப்ட் நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்திருந்தவர் என்று யார் மாட்டினாலும் ஒரு கடிதம்; அதோடு விஷயம் முடிந்துவிடும். எழுதத் தெரிந்தவர்கள்கூட என் மேஜை முன்னால்தான் வந்து நிற்பார்கள். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று மில்லில் ஒரு பேர். “மேற்படி செயலுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன், இனி இவ்வாறு நடவாது என உறுதி கூறுகிறேன்” என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். அந்த வாக்கியம் என்னுடையதுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கர்வப்படுவதற்கு வேறு எதுவும் இல்லாத வயது அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மில் சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்தது. நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்த்த ஒரு பெண்மணியை மில் முழுக்க ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். மேனேஜருக்கு மட்டும் அவர் ‘அம்மணி’. ஒருநாள் காலை ஷிப்டில், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் சடை மிஷினில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திகைத்து நிற்க, அக்கா ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார். அந்தப் பெண் ஒரு கற்றை முடி போனதோடு தப்பினாள். வரிசை முழுக்க மிஷின்கள் நின்றுபோயின. சூப்பர்வைசர் வந்து, யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று கத்த, “மொதல்ல புள்ளையப் பாருங்க, மிசின அப்பறம் பாக்கலாமுங்க” என்று அக்கா சொன்னார். நடந்தது இவ்வளவுதான்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அனுமதியில்லாமல் உற்பத்தியை நிறுத்தியதற்கும் மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதற்கும் அம்மணியிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கிவிடு, சூப்பர்வைசர் சமாதானமாகிவிடுவார் என்றார். வாசகத்தையும் அவரே சொன்னார். நான் என் அச்செழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வைண்டிங்குக்குப் போனேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, நான் ஒரு தப்பும் பண்ணலீங்களே. அப்பறம் எதுக்குங்க மன்னிப்பு?”

“சும்மா பேருக்குத்தானுங்கக்கா. எல்லாரும் எழுதறதுதானுங்க. கையெழுத்தப் போட்டீங்கன்னா இதோட முடிஞ்சுதுங்க.”

அவர் படித்துப் பார்க்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். எங்கள் ஊரில் மன்னிப்பு என்பது பேச்சோடு பேச்சாக வந்துபோகும் சங்கதி. பஸ்ஸில் தெரியாமல் இடித்தவரிடம் இடிபட்டவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்பார். அந்தப் பழக்கத்தில்தான் அக்கா கையெழுத்துப் போட்டார். மில்லுக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மூன்றாம் நாள் சஸ்பென்ஷன் வந்தது. பிறகு விளக்கம் கேட்டு மெமோ, அதன் பிறகு மில்லுக்குள்ளேயே ஒரு விசாரணை. துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கா கேட்டதற்கு முடியாது என்றார்கள். தப்பித்த பெண்ணை அதற்குள் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். சாட்சி எதற்கு, கடிதம்தான் இருக்கிறதே என்று விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. “குற்றத்தை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளபடியால்” வேலையிலிருந்து நீக்கியிருப்பதாகப் பதிவுத் தபால் போயிற்று. உறைமேல் விலாசம் எழுதியவனும் நான்தான். நிரந்தரத் தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கழித்துவிட்டு ஒப்பந்தத்துக்குச் சின்னப் பெண்களை எடுக்கும் திட்டம் மேலிடத்தில் இருந்தது என்பது பிற்பாடுதான் விளங்கியது. அந்தக் கையெழுத்தை எப்படி வாங்கினேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா அழுதுகொண்டு வந்து நிற்பார், மேனேஜர் காலில் விழுவார் என்றெல்லாம் ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அவரோ, தெரிந்தவர் யாரோ சொல்லி, டவுனில் கோபாலபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தார். மில் யூனியன் துணைக்கு வராவிட்டாலும் தனி ஆளாகவே வழக்கை எழுப்பலாம், முதலில் அரசாங்கத் தொழிலாளர் அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும், அங்கே சமரசம் முறிந்தால் அந்த முறிவு அறிக்கையோடு லேபர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீல் வழி சொல்லியிருக்கிறார். சமரசப் பேச்சுக்கு மில் தரப்பில் ஃபைல் தூக்கிக்கொண்டு நானும் போவேன். மில் ஒரு யோசனை சொன்னது. அவராக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் டிஸ்மிஸ் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொண்டு போம்மா என்று அலுவலரே எடுத்துச் சொன்னார்.

“தப்புப் பண்ணுனவங்கற பேரோட நான் ஊட்டுல உக்கார முடியாதுங்க. எனக்கு வேலை வேணுமுங்க. இன்னொரு காயிதத்துல கையெழுத்துப் போட மாட்டேனுங்க” என்றார் அக்கா. அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. நான் ஃபைலில் இருந்த காகிதங்களை அடுக்கியதையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வாய்தா மேல் வாய்தாவாக மூன்று வருடம் ஓடியது. அக்கா ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர் நூலை வெட்டப் போவதாகச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அவர் மகளும் பள்ளிக்கூடத்தை விட்டு அதே வேலைக்குப் போகிறாள் என்றும் சொன்னார்கள். அந்தப் பெண் முன்பு ஒருமுறை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு டைம் ஆபீஸுக்கு வந்து, சுவரில் இருந்த ஷிப்ட் பட்டியலில் ஒரு பிழையைக் காட்டி என்னைத் திருத்தச் சொன்னவள். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவ்வளவு செய்ததையே பெரிதாக நினைத்துக்கொண்டேன்.

கடிதத்தை நிரூபிக்க மில் தரப்புச் சாட்சியாக என்னைத்தான் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். எழுதினாயா என்றால் ஆமாம், கையெழுத்துப் போட்டாரா என்றால் ஆமாம், இரண்டு ஆமாமோடு இறங்கி வந்துவிடு என்று மேனேஜர் காரிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டையும் சொன்னேன். அக்காவின் வக்கீல் எழுந்து, குரலைக்கூட உயர்த்தாமல், கையெழுத்து வாங்கும்போது அந்த அம்மாள் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். வேறு எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதுதான் மேனேஜரோடு பேச்சு. நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. எதிரே பெஞ்சில் அக்கா, மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இவன் எப்படியும் இல்லை என்றுதான் சொல்வான் என்று முன்பே முடிவு செய்துவிட்டவரின் முகம் அது. அதுதான் என்னைச் சுட்டது. தப்பே செய்யவில்லை என்று சொன்னார், பேருக்குத்தான் என்று சொல்லி வாங்கினேன், வாசகம் மேனேஜருடையது என்று முழுவதையும் சொல்லிவிட்டேன். திரும்பும்போது காரில் எனக்கு இடமில்லை. மறுவாரம் என்னைப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள்.

விசாரணையும் செல்லாது, அந்தக் கடிதத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளவும் முடியாது என்று தீர்ப்பு வந்தது. பழைய சர்வீஸோடு வேலையும், வெளியே நிறுத்தியிருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கொடுக்கச் சொன்னார்கள். ஐகோர்ட்டுக்குப் போவோம் என்று கொஞ்ச நாள் மிரட்டிப் பார்த்துவிட்டு மில் அவரை எடுத்துக்கொண்டது. இப்போது சொந்தத்தில் யாராவது பிள்ளைகள், கம்பெனியில் ராஜினாமா மெயில் அனுப்பச் சொல்கிறார்கள் மாமா என்று போன் செய்தால், எதையும் எழுதிக் கொடுக்காதே, எழுத்தில் பதில் கேள், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போ என்று சட்டமெல்லாம் பேசுகிறேன். கேட்பவர்கள் என்னைப் பெரிய விவரஸ்தன் என்று நினைக்கிறார்கள்.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று காலை, ஷிப்ட் சங்குக்கு முன்னால், குடோன் வாசலில் அவருக்காகக் காத்து நின்றேன். என்னால் அல்லவா ஜெயித்தார் என்கிற நினைப்பு எனக்குள் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அவர் என்னைக் கண்டதும் நின்றார். முகத்தில் கோபம் இல்லை. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா, குழந்தையப் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சுங்களா என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார்:

“கோர்ட்டுல சொன்னத அன்னிக்கு மில்லுல வெச்சே சொல்லியிருந்தீங்கன்னா, எம்புள்ள பத்தாவது முடிச்சிருக்குமுங்க தம்பி.”

சங்கு ஊதியது. வாரேனுங்க என்று சொல்லிவிட்டு அவர் வைண்டிங் பக்கம் நடந்தார்.