நைனா மேடை ஏறிய வருஷம்

என் அத்தை என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அம்மா, "பெங்களூர்ல டான்ஸ் டீச்சர்" என்பாள். நைனா, அதாவது அப்பா, "டான்ஸ் கம்பெனியில கீறா" என்பார். அவர் சொல்லும் தோரணையில் அது ஏதோ மோட்டார் தயாரிக்கும் கம்பெனி போல இருக்கும். கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்வார்கள்: "எந்தப் படத்துல வருது?" அத்தை எந்தப் படத்திலும் வரவில்லை.

அவள் நைனாவின் ஒரே தங்கை. பத்தொன்பது வயதில் திருத்தணியிலிருந்து கிளம்பிப் போய் பெங்களூரில் ஒரு நவீன நடனக் குழுவில் சேர்ந்து ஆறு வருஷம் ஆடினாள். குழுவை நடத்தியவர் ஒருநாள் அதை இழுத்து மூடிவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அத்தை காலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெண்களுக்கு உடம்பு இளைக்க ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். மாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. நடுவில் மிஞ்சும் நேரத்தில் தனக்கென்று ஒரு நடனத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள். அப்படி இருக்கும்போதுதான் சென்னையில் நடக்கும் ஒரு நடன விழாவில் அரைமணி நேரம் தனியாக ஆட அவளுக்கு அழைப்பு வந்தது. ஒத்திகைக்குப் பெங்களூரில் இடம் எடுக்க வசதியில்லை. ஒரு பெரிய பையையும் இரண்டு ஜோடி முழங்கால் உறைகளையும் எடுத்துக்கொண்டு திருத்தணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஜெபத்துக்குப் போகும் சபை மண்டபத்தின் தரை சிமெண்ட் பூசி வழவழவென்று இருக்கும். அத்தை போதகரிடம் போய்க் கேட்டாள். காலை வேளைகளில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வாலிபர் நாள் அன்று சபையாருக்கு முன்னால் ஆடிக் காட்ட வேண்டும் என்று அவர் சொன்னார். அத்தை ஒப்புக்கொண்டாள். என்ன ஆடப்போகிறாள் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

தினமும் காலையில் அத்தை தன் கையாலேயே மண்டபத்தைத் துடைப்பாள். என் வேலை எண்ணுவது. அவளுடைய நடனத்துக்குப் பாட்டு கிடையாது. ஆர்.கே.பேட்டையில் தன் கைப்பேசியில் பதிவு செய்து வந்த விசைத்தறிச் சத்தம்தான் இசை. அவளும் நைனாவும் சின்ன வயதில் அங்கே ஒரு தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் குடியிருந்தார்களாம். தறி ஓடும்போது படுத்தால் தரை நடுங்கும், அந்த நடுக்கம் முதுகு வழியாக உடம்புக்குள் ஏறும் என்பாள். நடனமும் அதுதான். முதலில் மல்லாந்து அசையாமல் படுத்திருப்பாள். நான் எட்டு எட்டாக எண்ணுவேன். பன்னிரண்டாவது எட்டில் வலது பாதத்தில் நடுக்கம் தொடங்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக் கழுத்து வரைக்கும் வந்து, பிறகு அவளை அப்படியே எழுப்பி நிறுத்தும்.

"யாருகிட்டயும் சொல்லாத, எண்ணிகினே இரு, அது போதும்" என்று அத்தை எனக்குச் சொல்லிவைத்திருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஊரில் இந்த நடனம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

வாலிபர் நாள் சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. நைனாவுக்குத் தண்ணீர் கேன் வியாபாரம். முருகன் மலைக்கு வரும் கூட்டத்தை நம்பி நடக்கும் கடைகளுக்கெல்லாம் அவருடைய லோடு ஆட்டோவில்தான் கேன் போகும். அன்றைக்குச் சபைக்கும் அவர்தான் தண்ணீர். கடைசி கேனை இறக்கி வைத்துவிட்டு, தோளில் துண்டோடு வாசலோரம் நின்றார். சின்னப் பிள்ளைகளின் பாட்டு, வாலிபர்களின் நாடகம் எல்லாம் முடிந்து அத்தையின் முறை வந்தது.

அவள் வந்து படுத்தாள். தறிச் சத்தம் ஓடத் தொடங்கியது. நான் மேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். கூட்டத்தில் முதலில் மௌனம், பிறகு முணுமுணுப்பு. "எப்ப ஆரம்பிக்கும்?" என்று ஒரு குரல். மூன்றாவது எட்டில் நான் இருக்கும்போது நடுக்கம் வந்துவிட்டது. பாதத்தில் இல்லை, இடது கையில். அடுத்த நொடி உடம்பு முழுக்க. அத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மேடையில் மறந்தால் யாருக்கும் தெரியாமல் சமாளிக்க வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள். அதனால் நான் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நைனா ஓடி வந்தார். வாசலிலிருந்து மேடை வரைக்கும் நாற்காலிகளையும் ஆட்களையும் தள்ளிக்கொண்டு வந்தார். மேடையில் ஏறி அத்தையைப் பக்கவாட்டில் திருப்பினார். துண்டை அவள் தலைக்கடியில் வைத்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்தார். அதைப் பார்த்ததும் கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. கையில் இரும்பைக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் அத்தைக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது என்பதும், பதினைந்து வயதோடு அது நின்றுவிட்டது என்பதும் எங்கள் வீட்டில் எனக்கும்கூடத் தெரிந்த விஷயம். பாவம் நைனா, பழைய ஞாபகத்தில் குழம்பிவிட்டார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

யாரோ திரையை இழுத்தார்கள். போதகர் ஒலிபெருக்கியைப் பிடித்து, இயேசு உயிரோடு எழுப்பிய சிறுமியின் கதையைச் சகோதரி ஆடிக் காட்டினார் என்று கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார். அவர் உண்மையிலேயே அப்படித்தான் புரிந்துகொண்டாரா, அல்லது கூட்டத்தை உட்கார வைக்க அது நல்ல வழி என்று நினைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நீண்ட நேரம் விளக்கினார். ஒருவழியாகத் திரை விலகியபோது அத்தை நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று கைகூப்பினாள். கைத்தட்டல் பிரமாதமாக இருந்தது.

பிறகு வெளியே டீயும் பன்னும் கொடுத்தார்கள். ஒரு பெரியம்மா நேராக அத்தையிடமே கேட்டுவிட்டார்: "இன்னும் அந்த வலிப்பு வருதாம்மா உனக்கு?"

சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அத்தை சிரித்தாள். "டான்ஸுதாங்க அது. அண்ணனுக்குத் தெரில, பயந்துட்டாரு."

நைனா அவளைப் பார்த்தார். கையிலிருந்த டீயைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்து, "ஆங், தண்ணி கேன் தூக்கறவன், எனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன்: "நீ தப்பு பண்ணிட்ட அத்த. மூணாவது எட்டுலயே ஆரம்பிச்சிட்ட."

அவள் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். "ஆங், மறந்துட்டேன்" என்றாள். நான் கண்டுபிடித்ததற்காக என்னைப் பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை மாடிப்படியில் நைனாவும் அத்தையும் பேசிக்கொண்டிருந்ததைப் பல் துலக்கிக்கொண்டே கேட்டேன்.

"சென்னைக்கு நானும் வர்றேன்" என்றார் நைனா.

"நீ வந்து இன்னாண்ணா பண்ணுவ?"

"நேத்து பண்ணதயே பண்றேன். ஏறி வந்து தூக்கி வுடறேன். ஆட்டத்துல அதயும் சேத்துக்க."

கடைசியில் அத்தை, "சரி" என்றாள்.

நைனாவுக்கு மேடை ஆசை பிடித்துக்கொண்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். "கைத்தட்டு வாங்கினதுல தலகால் புரியல" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

சென்னையில் அவர் ஆடியதை நாங்கள் போய்ப் பார்த்தோம். ஆடியது என்று சொல்லக்கூடாது. அரைமணி நேரமும் மேடையின் ஓரத்தில், வெளிச்சம் படாத இடத்தில் நின்றார். கடைசியில் நடந்து வந்து, அத்தைக்குக் கை கொடுத்து எழுப்பினார். அவ்வளவுதான். ஒரு தோள் தாழ்ந்து, கண்ணுக்குத் தெரியாத கேன் ஒன்றைச் சுமப்பதுபோல நடந்தார். அது மிக உண்மையாக இருந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை எழுதியது. அத்தை எங்களுக்குப் படித்து அர்த்தம் சொன்னாள். அந்த நடனம்தான் அத்தையின் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்தது. அதை ஆடச் சொல்லிப் பெங்களூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் அழைப்பு வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் நைனாவும் போனார். கேன் போடும் வேலையை அம்மாவின் தம்பி வேண்டாவெறுப்பாகப் பார்த்துக்கொண்டார். பேருந்து நிலையத்து டீக்கடையில் நைனாவுக்கு 'டான்ஸ் மாஸ்டர்' என்று பெயர் விழுந்தது. லோடு ஆட்டோ வந்து நின்றால் இடுப்பை ஆட்டிக் காட்டி வரவேற்பார்கள். அவரும் பதிலுக்கு ஆட்டிக் காட்டிவிட்டு கேனை இறக்குவார்.

அந்த வருஷம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நான் முதல் வரிசையில் ஆடினேன். நைனா கொச்சியில் இருந்தார். திரும்பி வந்தவரிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "உனக்கு உன் டான்ஸுதான் பெருசு" என்றேன். அவர் வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவின் கைப்பேசியில் இருந்ததை மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அத்தை எதையும் மறைப்பதில்லை. எந்த அரங்குக்குப் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். எனக்கு அவள் சொன்னது நான் கல்லூரியில் படிக்கும்போது, சென்னையிலிருந்து திருத்தணிக்கு வரும் மின்சார ரயிலில். சபை மண்டபத்தில் வந்தது நடனமில்லை, வலிப்புதான். பதினைந்து வயதில் அது நிற்கவே இல்லை, எப்போதாவது வந்துகொண்டுதான் இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் ஒத்திகையில் தூக்கம் வருகிறதென்று அந்தக் கோடையில் அதை நிறுத்தி வைத்திருந்தாள். பழைய குழுவில் முதுகெலும்பில் தட்டு நழுவிய ஒரு பெண்ணை அடுத்த பயணத்துக்குக் கூப்பிடாமலேயே விட்டுவிட்டதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். தன் விஷயம் வெளியே தெரிந்தால் சென்னை விழா கைவிட்டுப் போகும், வீட்டிலும் பெங்களூருக்குத் திரும்ப விடமாட்டார்கள் என்று பயந்தாள். மாடிப்படியில் நான் கேட்காத பாதிப் பேச்சில் நைனா இரண்டே நிபந்தனைகள் போட்டிருக்கிறார்: மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, அவள் ஆடும் மேடையிலெல்லாம் ஐந்தடி தூரத்தில் நைனா நிற்க வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் சத்தியமெல்லாம் செய்யவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கே பல மாதம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

நைனா மேடை ஏறியதற்கு அடுத்த கோடையில் பெங்களூரிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். முறையாக நடனம் படித்தவர். நைனாவின் இடத்தில் இனி அவர் ஆடப்போகிறார் என்றாள் அத்தை. வீட்டுக்கு வெளியே அத்தை உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நைனா அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் ஏறிப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

நைனா தரையில் படுத்துக்கொண்டார். "என்ன திருப்பு" என்றார். அந்த அண்ணன் திருப்பினார். "இவ்ளோ வேகமா வேணாம். தலைக்கி அடியில துணி வெச்சிட்டுத் திருப்பு. கைகால அமுக்கிப் புடிக்காத. வாயில ஒண்ணும் வெக்காத, தண்ணி குடுக்காத. சாவி கீவி எல்லாம் சும்மா, டாக்டரே சொல்ட்டாரு. வாட்ச்ச பாத்துகினே இரு. அஞ்சு நிமிஷம் தாண்டிச்சின்னா யாரு இன்னா சொன்னாலும் கேக்காத, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போயிடு."

அந்த அண்ணன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மறுபடி திருப்பினார். நைனா மறுபடி படுத்தார். பத்து முறையாவது நடந்திருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஸ்டெப்புகூட சொல்லித் தரலியே நைனா. இதுல டான்ஸ் எங்க கீது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் உங்க அத்த சொல்லித் தருவா" என்றார் நைனா, படுத்தபடியே.

அந்த அண்ணனும் அத்தையும் மத்தியான வண்டிக்குக் கிளம்பிப் போனார்கள். நைனா அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்து, சாப்பிட்டு, கூடத்தில் வெறுந்தரையில் படுத்தார். அத்தை வெளியூரில் இருக்கும் நாளெல்லாம் தலைமாட்டிலேயே வைத்திருக்கும் கைப்பேசியை அன்றைக்கு எங்கேயோ வைத்துவிட்டிருந்தார். சாயங்காலம் கேன் எடுக்க ஆள் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அம்மா வெளியே போய், நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். அப்படி அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்ட துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது. சத்தம் போடாமல் எழுந்து போய், மின்விசிறியை ஓர் எண் கூட்டி வைத்தேன்.