ரத்தத்துக்குச் சின்னக் குழி

கிராமத்து மலேரியா ஊழியர்கள் சோதனை அட்டையில் ரத்தத்தைக் குழி மாற்றி விடுகிறார்கள் என்று கேட்டாலே, அந்த அட்டையை வடிவமைத்த மொலிக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் விளக்கத்தாளை நீளமாக்கினாள். கடைசியில் மொண்டல்கிரிக் காட்டுக்கே போய், ஊழியர் நிமோலின் எதிரில் உட்கார்ந்தாள். நிமோலும் ரத்தத்தைச் சின்னக் குழியில்தான் விட்டாள்.

"அக்கா, ரத்தம் பெரிய குழிக்கு! தாளைப் படிக்கலையா?"

"ரத்தம் ஒரு சொட்டு, மருந்துத் தண்ணி நாலு சொட்டு. உங்க வீட்டுல மீன் விழுதைப் பெரிய கிண்ணத்துலயும் சாறைச் சின்னக் கிண்ணத்துலயுமா வப்பீங்க?"

மொலிக்கா அட்டையின் இரண்டு குழிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பியதும் குழிகளின் அளவை மாற்றினாள்.

மறுமுறை போனபோது, நிமோல் பிரிக்காத விளக்கத்தாளில் வறுத்த வாழைப்பழத்தை வைத்து நீட்டினாள். மொலிக்கா ருசித்துத் தின்றாள்.