பேர் சொல்லாத ஜெபம்

நனைந்த கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை இருக்கிறதே, அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு ஜெபக்கூட்டம்தான் ஞாபகம் வரும். எழுபதுகளில், இலங்கையில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், புதன்கிழமைகளில் கொழுந்து நிறுத்து முடித்த கையோடு, கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் 'காம்பரா'வின் ஒற்றை அறைக்குள் வந்து குவிந்துவிடும். பாட்டு முடிந்ததும் உபதேசியார், "யாருக்காச்சும் விண்ணப்பம் இருக்குதா?" என்று கேட்பார். மாமியாரின் வயிற்றுவலி, மாட்டுக்கு வந்த சீக்கு, மகனின் குடி என்று எல்லாம் அங்கே வெளியே வரும்.

ஒரு வருஷம் எங்கள் லயத்தில், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே போய்க் குடியேற 'பாஸ்போட்' வந்திருந்தது மூன்றாம் காம்பரா யாக்கோபு மாமா குடும்பத்துக்கு மட்டும்தான். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லாக்காவுக்குப் பத்தொன்பது வயது. கண்ணால் காணாத ஊரில், அப்பா கடிதத்திலேயே பேசி முடித்திருந்த ஒருவனுக்குக் கழுத்தை நீட்ட அவளுக்கு விருப்பமில்லை. பண்டாரவளையில் தையல் பழக்கி வேலையும் கொடுக்கிற ஓர் இடத்தில் சொல்லி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் ஹாலிஎல பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து பண்டாரவளைக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். உடுப்பு மூட்டையை எங்கள் வீட்டில் ஒளித்து வைக்க வந்தவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களத்தான் நம்பியிருக்கேன் அத்தை" என்றாள். "என் வாயிலருந்து ஒரு சொல்லு வராது, நீ போம்மா" என்றாள் அம்மா.

அந்தப் புதன்கிழமை அம்மா எழுந்து நின்றாள். "பேரு சொல்ல மாட்டேங்க. நம்ம லயத்துல ஒரு பொம்பளப்புள்ள, அப்பா கூட இந்தியாவுக்குப் போகாம வெள்ளிக்கெழம பண்டாரவளைக்குப் போகப்போகுது. ஆண்டவரு அது வழியக் காக்கணும்."

பேர் சொல்லவில்லையாம்! போகிற குடும்பம் ஒன்று, அதில் பெண்பிள்ளை ஒன்று. யாக்கோபு மாமாவின் தம்பி வாசல் திண்ணையான 'இஸ்தோப்பில்' உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் உருகி உருகி "ஆமென்" சொன்னார்கள். அதிலும் சத்தமாகச் சொன்னவள், விவரம் முழுக்கத் தெரிந்த நான்.

தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவி முடிப்பதற்குள் மூன்றாம் காம்பராவிலிருந்து ஸ்டெல்லாக்காவின் அலறல் கேட்டது. அதற்குப் பிறகு பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறும்வரை அவளைத் தண்ணீர்ப் பீலிக்குக்கூடத் தனியாக விடவில்லை. வழியனுப்பப் போன எங்கள் பக்கம் அவள் திரும்பியே பார்க்கவில்லை.

அம்மா உண்மையாகவே அழுதாள். "நான் பேரச் சொல்லலையே, ஆண்டவர்கிட்டத்தானே சொன்னேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டவருக்குத் தெரியாத சங்கதியா அது? அவரிடம் சொல்ல எதற்கு அத்தனை காதுகள்? பொய் சொல்லாதே, களவெடுக்காதே என்று எங்களுக்கு ஓயாமல் சொல்லிக் கொடுத்தவள்தான். எதை எங்கே சொல்லக்கூடாது என்பதும் பக்தியில் சேர்த்திதான் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆறேழு மாதம் கழித்து இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கல்யாணமாகிவிட்டது என்றும், அந்த ஆள் குடித்துவிட்டு அடிக்கிறான் என்றும் இரண்டு வரி, அதற்குக் கீழே, "அத்தை, இனிமே எனக்காக ஜெபம் பண்ணாதீங்க." அம்மா அதைக் கொண்டுபோய் அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் சத்தமாக வாசித்து, அந்தப் பிள்ளையின் மனக்கசப்பு நீங்க எல்லோரையும் முழங்காலில் நிற்க வைத்தாள்.

இப்போது அந்த லயத்தில் பாதி இடிந்து கிடக்கிறது. நாங்கள் கூடிய அறையில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பாடியவர்களில் முக்கால்வாசிப் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள், அம்மாவும் இல்லை. ஸ்டெல்லாக்கா இருக்கிறாளா, இல்லையா என்று சொல்லவும் ஆளில்லை. பதுளைக் கோயிலில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் சில நாள் அவள் பேர் நாக்கு நுனிவரைக்கும் வரும். வேண்டாமென்று அவளே எழுதிவிட்டாளே என்று விழுங்கிவிடுகிறேன்.